நாலு புத்தகமும் சரியில்லை

வருகிற மார்கழி நத்தார்ப் பெருநாளுக்குள் சோதினையில் தேறிவிடுவது என்று ஜஸ்ரின் மடு மாதாவின் படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகச் சபதம் செய்தான். மாதாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். சத்தம், குசினிக்குள் அடுப்படியில் நின்ற மனைவி நிறஞ்சலாவுக்காக.

சோதினை லேசுப்பட்டதல்ல. சொப்ட்வெயர் ஆர்கிடெக்ட் சான்றிதழ்ச் சோதினை. பேசாலையில் வீட்டு முன்னறையில் இருந்தபடியே கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்துகொண்டிருந்தான் ஜஸ்ரின். தேறினால் பதவி உயர்வு. பதவி உயர்ந்தால் கொழும்புக்கே குடிபோய்விட வேண்டும். சிக்கலே அதுதான். அவனுக்குக் கொழும்புக்குப் போக விருப்பமில்லை.

அதை மனைவியிடம் சொல்லவும் வழியில்லை. அவர்களுடைய ஒரே பிள்ளை ஜெனோஜன் நாலு வயதில் காய்ச்சலில் செத்து ஒன்றரை வருடமாகிறது. அதற்குப் பிறகு நிறஞ்சலா ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. பயந்துபோய் முருங்கனில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனான். டொக்டர் இவனை வெளியே இருக்கவைத்துவிட்டு அவளோடு அரை மணித்தியாலம் கதைத்தார். வெளியே வந்தவள், "இடம் மாறினா நல்லதாம்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பாவம், அவளுக்காகப் போகத்தான் வேண்டும் என்று ஜஸ்ரினின் மூளை சொன்னது. மனம் அசையமாட்டேன் என்றது. சேமக்காலையில் கடற்பக்க மதிலோடு மகனின் கல்லறை இருந்தது.

திங்கட்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துவிட்டு வரும்போது நிறஞ்சலா அங்கே ஒரு மெழுகுதிரி கொளுத்துவாள். அது ஊருக்கே தெரியும். ஜஸ்ரின் நாள் தவறாமல் விடிய ஆறு மணிக்கு அங்கே போய் இருந்து அழுவது ஒருவருக்கும் தெரியாது. அப்படித்தான் அவன் நினைத்திருந்தான். "மீன் வாங்கப் போறன்" என்று மோட்டார்சைக்கிளை எடுப்பான். திரும்பும்போது மீன் நினைவில் இராது. "இண்டைக்கு மீன் படேல்லை" என்பான். மீன்பிடி ஊரான பேசாலையில் நின்றுகொண்டு ஒன்றரை வருடமாக மீன் இல்லை என்று சொன்ன முதல் மனுசன் அவன்தான். நிறஞ்சலா ஒன்றும் கேட்காமல் பருப்பை அடுப்பில் ஏற்றுவாள்.

ஆகவே சோதினைக்கு ஒரு முட்டுக்கட்டை தேவைப்பட்டது. யோசித்து யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தான். சோதினைக்குப் படிக்க நல்ல வழிகாட்டிப் புத்தகம் வேண்டும். நல்ல புத்தகமே கிடைக்காவிட்டால் ஒரு மனுசன் என்ன செய்வான்?

முதற் புத்தகம் பார்சலில் வந்தது.

"எப்பிடி?" என்றாள் நிறஞ்சலா.

"சரியில்லை."

"ஏன்?"

"எழுநூறு பக்கம். தலைக்கு வைச்சுப் படுக்கலாம், படிக்கேலாது."

"தடிப்பா இருக்கிறது ஒரு பிழையோ? உள்ளுக்கு என்ன பிழை?"

உள்ளே என்ன பிழை என்று சொல்ல உள்ளே போக வேண்டியிருந்தது. மூன்று கிழமை போனான். பின்னேரத்தில் தேத்தண்ணியோடு அவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பாள். கையில் பேனையும் ஒரு கொப்பியும்.

"அது என்னத்துக்கு?"

"பிழையளை எழுதிவைச்சாத்தானே அடுத்த புத்தகத்தைப் பாத்து வாங்கலாம். சொல்லுங்கோ."

அவளுடைய அக்கறையில் ஜஸ்ரினுக்கு நெஞ்சு இளகிப்போனது. மடையன், சொன்னான். இரண்டாவது புத்தகம் கலியாணக் காட் அளவுக்கு மெல்லிசு. விட்டுப்போனவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். மூன்றாவதில் கேள்வி மட்டும், விளக்கம் இல்லை. விளக்கத்தையெல்லாம் அவனே சொல்லி முடித்தான். நாலாவதில் ஒரு பிழையும் இல்லாமல் பயந்துபோனான். நல்லகாலம், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒன்று அகப்பட்டது.

"சொப்ட்வெயரில ஒரு பகுதி திடீரெண்டு நிண்டுபோனா மிச்சம் எப்பிடி ஓடும்? அதுக்கு உவங்கள் எழுதியிருக்கிறது பிழை, நிறஞ்சலா. நிண்டுபோனதைத் திரும்பத் திரும்பக் கூப்பிடட்டாம். அப்பிடிக் கூப்பிட்டுக்கொண்டே நிண்டா மிச்சமும் விழுந்திடும்."

"அப்ப என்ன செய்யோணும்?"

"கொஞ்சக் காலம் கூப்பிடாமல் விடோணும். மிச்சம் தன்ர தன்ர வேலையைப் பாக்கோணும்."

சொல்லிவிட்டு ஜஸ்ரின் புத்தகத்தை மூடிவைத்தான். நிறஞ்சலா நிமிரவில்லை. கொப்பியில் எழுதினாள். அந்த இரண்டு வரியை எழுத அவ்வளவு நேரம் எடுக்காது.

"பிறகு?" என்றாள்.

"பிறகு ஒண்டுமில்லை. நாலு புத்தகமும் சரியில்லை."

"ஓம், சரியில்லைத்தான். இந்தாங்கோ, அஞ்சாவது." கொப்பியை அவன் மடியில் வைத்தாள். நாலு புத்தகத்தின் பிழையும் திருத்தி, தலைப்புப் போட்டு, சிவப்பில் கோடடித்து, ஒரு முழு வழிகாட்டி. "எழுதினது நான். படிச்சது நீங்கள். வாற சனிக்கிழமைக்குச் சோதினைக்குப் பதிஞ்சுபோட்டன்."

ஜஸ்ரினுக்கு இன்னும் ஒரு வழி மிச்சமிருந்தது. வேண்டுமென்றே கோட்டைவிடுவது. சனிக்கிழமை முன்னறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தான். முதலாவது கேள்வியில் பிழையான விடையில் கையை வைத்தான். அது பிழை என்று அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. ஐந்து மாதம் பிழை பிடித்துப் பழகிய கை அதை விட்டுவிட்டுச் சரியானதை அழுத்தியது. அடுத்ததிலும் அப்படியே. நாற்பதாவது கேள்வியில் அந்த நின்றுபோன பகுதி வந்தது. கண் கலங்கி எழுத்துத் தெரியவில்லை. ஆனாலும் சரியாகவே அழுத்தினான்.

தேறிவிட்டான். கதவைத் திறந்து வெளியே வந்தபோது முகம் செத்தவீட்டு முகமாக இருந்தது.

"உனக்காகத்தான் நிறஞ்சலா. டொக்டர் சொன்னவரல்லே, நீ இடம் மாறோணுமெண்டு."

"டொக்டர் சொன்னது என்னையில்லை. உங்களை."

"என்னையோ? எனக்கு என்ன?"

"திங்கக்கிழமை நான் போனா என்ர மெழுகுதிரியை வைக்க இடமில்லை. நீங்கள் கொளுத்தின ஏழு நாள் மெழுகு உறைஞ்சு கிடக்கும். கிழமைக்குக் கிழமை நான்தான் சுரண்டிறனான். டொக்டரிட்ட நான் உங்களைப் பற்றித்தான் கதைச்சனான். பள்ளிக்கூட இடமாற்றத்துக்குப் பங்குனியிலயே எழுதிப் போட்டனான், தையில இருந்து கொழும்பில எண்டு வந்திட்டுது."

ஜஸ்ரின் வாசற்படியில் குந்திவிட்டான். கிட்டத்தட்ட இரண்டு வருடமாகச் சேமக்காலையில் மட்டும் அழுதவன், அன்றைக்கு வீட்டில் அழுதான். நிறஞ்சலாவும் பக்கத்தில் இருந்து அழுதாள். பிள்ளை போனபிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அதுதான் முதல்தடவை.

"அவன் தனிச்சுப்போவான்" என்றான்.

"மாசத்துக்கு ஒருக்கா வருவம். ரெண்டு பேரும் சேந்து."

"தை வரைக்கும் நான் விடிய..."

"போங்கோ. ஆர் வேண்டாமெண்டது?" அவள் சேலைத் தலைப்பால் முதலில் அவன் முகத்தைத் துடைத்தாள், பிறகு தன்னுடையதை. "ஆனா வரேக்க மீனோட வாங்கோ. நான் ஒழுங்காச் சாப்பிடாததுக்குப் பாதிக் காரணம் அந்தப் பருப்பு."