கூடாது சாரும் கிரில் அடுப்பும்

"ஏங்க, அடுப்பை ஏன் மறுபடியும் நகர்த்தறீங்க? கரி பத்தறதுக்குள்ள விருந்தாளி வந்து நிப்பாரு!"

"உனக்கு என்ன தெரியும்? கூரைக்குக் கீழ கிரில் வைக்கக் கூடாது."

கூடாது. அந்த வார்த்தைதான் அவருக்குப் பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். வீடோ, கடையோ, வண்டியோ, எரிந்து போனதற்கு ஈடு கேட்டு யார் வந்தாலும் நேரில் போய்ப் பார்ப்பார். டேப் பிடித்து அளப்பார். கடைசியில், 'உரிமையாளரின் அலட்சியம். கொடுக்கக் கூடாது' என்று எழுதிவிட்டு அவர்கள் வீட்டுக் காபியையும் குடித்துவிட்டு வருவார். அலுவலகத்தில் 'கூடாது சார்' என்பார்கள். தெருவில் அந்த 'சார்' கிடையாது.

இன்று மேனேஜர் சாப்பிட வருகிறார். தலைமை சர்வேயர் நாற்காலி காலியாக இருந்தது. அதில் யார் உட்காருவது என்பது அவர் கையில். அதனால்தான் வாசலில் இந்தத் தடபுடல்.

மதில் சுவருக்கு மேல் ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரர்.

"என்ன சார், உங்க வீட்டுலயே நெருப்பா?"

"இது முறையான நெருப்பு. இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல வச்சுட்டு நூல் வாங்கப் போனீங்களே, அதுக்குப் பேர்தான் அலட்சியம்."

"ஞாபகம் இருக்கு சார். அப்படித்தான் எழுதினீங்க."

தையல்காரர் நகரவில்லை. கையில் செடிக்குத் தண்ணீர் விடும் டியூப். முகத்தில் டிக்கெட் வாங்காமல் படம் பார்க்கிறவரின் சந்தோஷம்.

திறந்த வெளிக்கு வந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. பொறி பறந்தது. கூடாது சார் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து, அடுப்புக்கு மறைப்பாக நிறுத்தினார்.

"நெருப்புக்குப் பக்கத்துல அட்டையா?" என்றாள் மனைவி.

"அளந்துதான் வச்சிருக்கேன்" என்று டேப்பைக் காட்டினார்.

மேனேஜர் வந்தார். புதுக் காரை கேட்டை ஒட்டி நிறுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். கோழித் துண்டுகள் கம்பிமேல் ஏறின. கொழுப்பு சொட்டியது. அடியிலிருந்து தீ குப்பென்று எழும்பியது.

"மூடியைப் போட்டு மூடுங்க! தானா அடங்கிடும்!"

"நீ சும்மா இரு" என்று வாளித் தண்ணீரை எடுத்து வீசினார் கூடாது சார்.

கொழுப்புத் தீயில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று அலுவலகத்தில் வருஷா வருஷம் வகுப்பு எடுப்பவர் அவர்தான். அதேதான் ஆனது. தீ அவர் நெற்றி வரை எழும்பி, ஒரு புருவத்தை எடுத்துக்கொண்டு இறங்கியது.

"வகுப்புல ரொம்ப நல்லாச் சொல்வாரும்மா" என்றார் மேனேஜர், கூடாது சாரின் மனைவியிடம்.

"சொல்றதுக்கு என்ன சார், வாய்தானே."

கூடாது சாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கரிதான் அதிகமாப் போச்சு" என்று பாதிக் கரியை வாரிக் குப்பைத் தொட்டியில் போட்டார். கருகத் தொடங்கியிருந்த அட்டையையும் மடக்கி அதன் மேலேயே திணித்தார்.

"ஐயோ, அது பிளாஸ்டிக் தொட்டிங்க!"

"கரி மேல சாம்பல் பூத்தாச்சு. அணைஞ்ச கரி. இருந்தாலும் வீட்டுக்குப் பக்கத்துல வைக்கக் கூடாது" என்று தொட்டியை இழுத்துக்கொண்டு போய் கேட் ஓரமாக வைத்தார்.

கேட் ஓரத்தில் என்ன நின்றது என்று உங்களுக்குத் தெரியும்.

தட்டில் முதல் கோழித் துண்டு விழுந்ததும் தொட்டி இளகியது. இடுப்பொடிந்து காரின் பின்பக்கம் சாய்ந்தது. அட்டை பற்றி எரிந்தது. பம்பர் பற்றியது. மேனேஜர் தட்டோடு எழுந்தார். மனைவி வாளியோடு ஓடினாள். தையல்காரர் டியூபை உயர்த்தினார்.

"சார், தண்ணி அடிக்கட்டுமா?"

"யாரும் கிட்ட வரக் கூடாது! சர்வே முடியாம ஸ்பாட்டைக் கலைக்கக் கூடாது!"

வருஷக் கணக்கான பழக்கம். எரிகிற காரைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார். தரையில் குந்தி டேப்பை இழுத்தார். "தொட்டிக்கும் வண்டிக்கும் ஒரு முழம்கூட இல்ல. சுடு கரி, அட்டை, பிளாஸ்டிக் தொட்டி. அலட்சியம்! அப்பட்டமான அலட்சியம்!"

"யாரோட அலட்சியம் சார்?" என்று கேட்டார் தையல்காரர், மிக மரியாதையாக.

கூடாது சாரின் கையிலிருந்த டேப் சரக்கென்று உள்ளே சுருண்டது.

மனைவி அதற்கு மேல் பொறுக்கவில்லை. டியூபைப் பிடுங்கிப் பீய்ச்சினாள். தீ அணைந்தபோது காருக்கு முன்பக்கம் மட்டும் மிச்சம் இருந்தது.

கூடாது சார் மேனேஜர் முன் கைகட்டி நின்றார்.

"சார், கவலையே படாதீங்க. நானே சர்வே பண்றேன். 'கொடுக்கலாம்'னு எழுதறேன் சார், சத்தியமா எழுதறேன்! அந்தப் பதவியை மட்டும்..."

மேனேஜர் தட்டிலிருந்த கோழித் துண்டைக் கடித்துப் பார்த்தார். வேகவில்லை. ஓரமாக வைத்துவிட்டு, அவர் தோளில் தட்டினார்.

"பதவி உனக்குத்தான்ப்பா, உன்னை மாதிரி ஆள் நம்ம கம்பெனிக்குக் கிடைக்கவே மாட்டான். என் வண்டியைப் பத்திக் கவலைப்படாதே, உன்னை வேலைக்கு எடுத்த மறுநாளே என் இன்ஷூரன்ஸ் எல்லாத்தையும் வேற கம்பெனிக்கு மாத்திட்டேன்."