வாய்க்கால் டாக்டர்

என் வாயைத் திறக்கச் சொல்லியே என்னை வாயடைத்துப்போக வைத்த ஒரே மனிதர், எங்கள் நன்னிலத்துப் பல் டாக்டர்தான். அவர் மேல் இருக்கும் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவருடைய நிஜப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. 'வாய்க்கால் டாக்டர்' என்றால் ஆட்டோ நேராக அவர் வாசலில் போய் நிற்கும். எல்லாம் ரூட் கெனாலால் வந்தது. கெனால் என்றால் எங்கள் பக்கத்தில் தண்ணீர் ஓட வேண்டும். "பல்லுக்குள்ள எதுக்குங்க கெனாலு? எந்த ஆத்துலேருந்து தண்ணி விடுவீங்க?" என்று ஒரு விவசாயி கேட்டாராம். அன்றோடு டாக்டரின் பேச்சே மாறிவிட்டது.

"பல்லு வேருக்குள்ள வாய்க்கால் ஓடுதுங்க. அது அழுகிப்போச்சு. கடைமடை வரைக்கும் தூர் வாரி அடைச்சுட்டா பல்லு பொழைச்சுக்கும்" என்பார். எல்லோருக்கும் புரிந்தது.

என் வலது கன்னம் வீங்கியபோது கிராம்பு, கற்பூரம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த புகையிலை எல்லாம் அடைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவரிடம் போனேன்.

"பிடுங்கிடுங்க டாக்டர், தொல்லை விட்டுது."

"பிடுங்குறதுக்கு அது என்ன கோரைப் புல்லா?" என்று எகிறினார். "ஏற்கெனவே ரெண்டைப் பிடுங்கிட்டு வந்திருக்கீங்க. அந்தப் பக்கம் மெல்லுறதுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா தரிசுதான்."

வீக்கம் வடிய மாத்திரை கொடுத்தார். பிறகு ஒரு நாள் மரத்துப்போக ஊசி போட்டு, மயிரிழை போன்ற அரங்களால் குடைந்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தார். "மூணு முடிஞ்சுது. நாலாவதா ஒரு கிளை வாய்க்கால் இருக்கு. புதன்கிழமை வாங்க" என்றார். வலி அன்றே போய்விட்டது. வலி போன பிறகு டாக்டரிடம் யாராவது போவார்களா? நானும் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து என் அக்கா மகனுக்குக் கல்யாணம். பந்தியில் சம்பந்தி வீட்டாருக்கு நடுவே கௌரவமாக உட்கார்ந்திருந்தேன். இலையில் ஆமவடை விழுந்ததுதான் தாமதம், எதிர் வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அவருக்கு வடை வைக்காதீங்க! தூர் வாரும்போது பாதியில ஓடிவந்த ஆளு!"

டாக்டர்தான். எழுந்தே வந்துவிட்டார். என் இலையிலிருந்து என் வடையை எடுத்தார். "நரம்பை எடுத்தாச்சு, அதான் வலிக்கல. உள்ள சீழ் அப்படியேதான் இருக்கு. இதைக் கடிச்சீங்கன்னா பல்லு ரெண்டாப் பொளந்துடும்!"

சம்பந்தி அம்மாள் இரக்கப்பட்டு எனக்குப் பாயசம் விடச் சொன்னார். ஒரு மனிதனை இப்படியா சந்தி சிரிக்க வைப்பது?

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பதென்று மறுநாள் காலையிலேயே போனேன். "வாயைத் திறங்க" என்றார். திறந்தேன். அடுத்த நொடி பஞ்சு, குழாய், விரல் எல்லாம் உள்ளே. இரண்டு மணி நேரம் கண்ணால் மட்டும்தான் திட்ட முடிந்தது. கழுத்தை நிமிர்த்தாமல் அந்த நாலாவது வாய்க்காலைத் தேடியவர், கடைசியில் "கெடைச்சிடுச்சுங்க!" என்று துள்ளினார். அடுத்த வாரம் பல்லுக்கு மேலே கேப்பும் மாட்டிவிட்டார்.

போன மாதம் டாக்டர் தன் மகள் வீட்டோடு இருக்கச் சென்னைக்குப் போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொதித்துப்போய் போன் செய்தேன்.

"சொல்லாமக் கொள்ளாமப் போறதுதான் மரியாதைங்களா?"

"அது கெடக்குது. பல்லு எப்படி இருக்கு?"

போனை வலது கன்னத்தோடு ஒட்டி வைத்து, ஒரு முறுக்கை நறுக்கென்று கடித்தேன். அந்தப் பக்கம் அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்கவே நாளைக்கும் ஒரு முறுக்கு வாங்க வேண்டும்.