அவன் சூடாகும் நாற்பது நிமிடம்

மட்டக்களப்பில் குவைத் நேரப்படி ஓடிய ஒரே ஓட்டோ அவருடையதுதான். இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அந்த நேரத்தால் அதிகம் அவதிப்பட்டவள் நான்.

வாவிக்கரையில் ஒரு ஒழுங்கையின் கடைசி வீட்டில் அறை எடுத்துக்கொண்டு, காணிக் கந்தோர் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழுங்கை முகப்பில் ஒரு வாகை மரம், அதன் கீழே ஒரு சிவப்பு ஓட்டோ. ஓட்டோக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். நான் வந்த புதிதில் எல்லோரும் அவரைக் ‘குவைத்காரர்’ என்றார்கள். நான் ஊரை விட்டுப் போகும்போது அவர் ‘ஓட்ஸ் ஓட்டோ’ ஆகியிருந்தார். குவைத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. அங்கே இருந்தது அவருடைய மனைவி.

வீட்டு வேலைக்குப் போய் ஏழு வருடம். இடையில் ஒரே ஒரு தடவை ஒரு மாத லீவில் வந்து போனாராம். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்கு ஒரு நல்ல கூரை போடத்தான் போனார். கூரை வந்தது, சீமெந்துத் தரை வந்தது, தண்ணீர்த் தாங்கி வந்தது, ஆள்தான் வரவில்லை.

காலை எட்டு மணிக்கு ஓட்டோ நிற்கும். எங்கே ஓடிக்கொண்டிருந்தாலும், யார் உள்ளே இருந்தாலும் நிற்கும். எட்டு நாற்பதுக்குத்தான் மறுபடி கிளம்பும். குவைத்தில் அப்போது விடிய ஐந்தரை. அந்த நாற்பது நிமிடம்தான் அவருடைய மனைவிக்கு ஒரு நாளில் கிடைக்கிற ஓய்வு. வீட்டுக்காரர்கள் தூங்குவதால் அவர் குசுகுசுவென்று வொய்ஸ் அனுப்புவார். இவர் வாவிக்கு அக்கரையில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரிப் பதில் வொய்ஸ் போடுவார். பள்ளிக்கூடமும் கந்தோரும் தொடங்குகிற நேரத்தில், ஊரில் உள்ள ஓட்டோ எல்லாம் பறந்து திரியும்போது, இவர் மட்டும் நேற்று என்ன கறி வைத்தார் என்று ஒரு போனுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு தடவை உன்னிச்சைக்குப் பெண் பார்க்கப் போன கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போய், வயல் நடுவில் எட்டு மணிக்கு எஞ்சினை நிறுத்திவிட்டார். நல்ல நேரம் போகிறது என்று மாப்பிள்ளையின் தாய் இறங்கிச் சண்டைக்கு வந்தார். இவர் போனை அவரிடம் நீட்டினார்.

“என்ட மனிசிக்கு ஒரு வார்த்த சொல்லுங்களன் அக்கா. நாலு மணியில இருந்து நிண்டபடி நிக்கா.”

அந்த அம்மாவும் ஒரு வார்த்தை சொன்னார். பிறகு தன் முழங்கால் நோவைச் சொன்னார். அதற்குப் பிறகு சம்பந்தம் பேசுகிற இடத்தைப் பற்றியும் சொன்னார். நல்ல நேரம் வயலிலேயே போய்விட்டது, ஆனாலும் அந்தக் கலியாணம் நடந்தது.

எனக்கு எட்டரைக்குக் கந்தோர். நான் நேரம் தவறாதவள், வாயும் கொஞ்சம் நீளம். ஏழரைக்கே வந்து ஏறிக்கொண்டு, வழி முழுக்க அவரை ஏசிக்கொண்டே போவேன். அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார். இப்படியே போய்க்கொண்டிருந்த ஒரு நாள், நேரம் பிந்தி, முகம் வாடி வந்தார். எட்டு மணி ஆகியும் ஓட்டோ நிற்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

“என்ன அண்ணன், எட்டு மணி தாண்டிட்டு?”

“நீங்க படிச்ச ஆள் மிஸ். இத ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்க. ஆருக்கிட்டயும் சொல்லிப் போடாதீங்க.”

போனை என் காதருகே வைத்தார். ஒரு பெண் குரல் குசுகுசுத்தது. “அவன் சூடாகிற வரைக்கும்தான் எனக்குக் கதைக்க நேரம். அவன் கூப்பிட்டா உடனே ஓடணும். நேத்தும் அவனாலதான் கை சுட்டது. அவன்ட கதவத் துறந்து பாத்திட்டு வாறன், வெக்கட்டா?”

“ஆர் மிஸ் இந்த அவன்?” என்றார்.

நான் சிரித்திருக்கக் கூடாது. ஆனால் என்னால் அடக்க முடியவில்லை. கல்லடிப் பாலத்துக்கு முன்னால் ஓட்டோவை ஓரங்கட்டச் சொல்லிவிட்டுச் சொன்னேன்: “அண்ணன், அது ஆள் இல்ல. அது போறணை. பாண் போடுற போறணை இரிக்கில்ல, அதுதான் வீட்டுக்குள்ள வெச்சு கரண்ட்டில ஓடுது. அதுக்கு இங்கிலீசில அவன் எண்டு பேர்.”

அவர் எஞ்சினை நிறுத்தினார்.

“நான் கேட்டுட்டன் மிஸ்.”

“என்ன கேட்டீங்க?”

“ஆரடி அவன் எண்டு கேட்டுட்டன். மூணு நாளாக் கதைக்கிறா இல்ல.”

அன்று பின்னேரம் அவருக்கு ஒரு வொய்ஸ் வந்தது. அதையும் எனக்குப் போட்டுக் காட்டினார். ‘மடம்’ என்று மனைவி சொல்கிற வீட்டு எசமானியோடு செய்த ஒப்பந்தம் ஐந்து மாதத்தில் முடிகிறது, வந்துவிடுவதாகத்தான் இருந்தார். “நம்பாத மனிசன்ட வீட்டுக்கு வந்து நான் என்ன செய்ய? மடம் இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கேக்கா. எழுதிக் குடுக்கப் போறன்.” அவ்வளவுதான். அழுகையும் இல்லை, ஏச்சும் இல்லை.

வேறு ஆளாக இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பார், இல்லாவிட்டால் குடித்திருப்பார். இவர் ஓட்டோவில் இருந்து யோசித்துவிட்டு, அந்தப் போறணைக்குள் என்னதான் வேகிறது என்று மனைவியிடம் கேட்டார். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

“ஏழு வருசமாக் கதைச்சிருக்கன் மிஸ். நான் என்ன திண்டன் எண்டுதான் சொல்லியிருக்கன். நீ என்ன சமைக்காய் எண்டு ஒருநாளும் கேட்கல்ல” என்றார்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. சுகம் விசாரிப்பு எதுவும் இல்லை. “ரெண்டு கப் ஓட்ஸ். ரெண்டு கப் பால். ரெண்டு முட்ட. அப்பச்சோடா கொஞ்சம். பழம். கறுவா, ஏலக்காய், சாதிக்காய் ஒரு சுரண்டல். எல்லாத்தையும் கலந்து தட்டில ஊத்தி அவன்ல நாப்பது நிமிசம். இறுகினாப் போல துண்டு போடணும்.” மடத்துக்கு வைத்தியர் சொன்ன காலைச் சாப்பாடு அது.

“கதைச்சிட்டா மிஸ்” என்றார் ஓட்டோக்காரர். அவருக்கு அது காதல் கடிதம் மாதிரி இருந்தது.

மனுசனுக்குத் தேத்தண்ணி ஊற்றக்கூடத் தெரியாது. ஒழுங்கைக் கடையில் போய் இரண்டு பைக்கற் ஓட்ஸ் கேட்டார். எங்கள் பக்கத்தில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்தவர்கள்தான் ஓட்ஸ் சாப்பிடுவார்கள். “ஆருக்கு வருத்தம்?” என்று கடைக்காரர் கேட்க, இவர் எதையோ யோசித்துக்கொண்டு, “எனக்குத்தான்” என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது மனவருத்தத்தை. அன்று பொழுதுபடுவதற்குள் ஒழுங்கையே விசுக்கோத்தும் தோடம்பழமுமாக நோயாளி பார்க்க வந்துவிட்டது. இரண்டு பேர் கால் விரலைக் காட்டச் சொன்னார்கள். வந்த தோடம்பழம் பதினெட்டையும் அவர் சமையலுக்கென்று எடுத்து வைத்தார்.

அடுத்தது போறணை. ஒழுங்கைக்கு எதிரே ஒரு பேக்கரி. காத்தான்குடிக்காரர் ஒருவர் அதை நடத்தினார். முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, எல்லோருக்கும் அவர் காக்கா.

“காக்கா, உங்கட போறணைய விடிய எட்டு மணிக்கு ஒரு நாப்பது நிமிசம் தருவீங்களா?”

“பாணெல்லாம் போன மறுகா அது சூட்டோட சும்மாதானே கிடக்கு. என்னத்த வெக்கப் போறீங்க?”

“ஓட்ஸ்.”

காக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். “குதிர வாங்கிட்டீங்களா?”

முதல் தட்டு வெளியே வந்தபோது காக்கா அதைச் சுவரில் தட்டிப் பார்த்தார். சுவரில்தான் கீறல் விழுந்தது. ஓட்ஸை இவர் தேத்தண்ணிக் கோப்பையிலும் பாலை வேறொரு சின்னக் கோப்பையிலும் அளந்திருந்தார். படம் எடுத்து அனுப்பினார். குவைத்திலிருந்து ஒரு சொல் வந்தது: “பால்.”

இரண்டாவது தட்டு கரண்டியால் அள்ளிக் குடிக்கிற பதத்தில் இருந்தது. பதில் கொஞ்சம் நீண்டது: “கப் எண்டா எல்லாத்துக்கும் ஒரே கப்.”

மூன்றாவது தட்டை நான் தின்றேன். காலையில் சாப்பிடாமல் ஓடுகிறவள் என்பதால் என்னைத்தான் பிடித்தார். வாசம் அருமையாக இருந்தது. கந்தோருக்குப் போய் ஒரு காணி உறுதியை விரித்தேன், அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகம் இல்லை. பதினொரு மணிக்குப் பியோன் வந்து எழுப்பினார். எல்லை அளவின் மேலே என் கன்னம் கிடந்தது. இருபது வருடச் சேவையில் எனக்கு வந்த ஒரே எச்சரிக்கைக் கடிதம் அந்த ஓட்ஸால்தான். ஒரு முழுச் சாதிக்காயையும் துருவிப் போட்டிருக்கிறார் அந்த மனுசன்.

அன்றைய வொய்ஸ்களை நானே கேட்டேன்.

“ஒரு சுரண்டல் எண்டுதானே சொன்னன். ஆர் திண்ட?”

“மிஸ்.”

“மறுகா?”

“கந்தோரில நித்திரையாப் போனா.”

அதற்குப் பிறகு வந்த வொய்ஸில் சொல் எதுவும் இல்லை. போர்வையை வாயில் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் மட்டும்தான். எட்டு விநாடி. அவர் அதைப் பாலத்தில் ஒருமுறை, கச்சேரியடியில் ஒருமுறை, சமிக்ஞை விளக்கில் இரண்டு முறை போட்டுப் போட்டுக் கேட்டார். என் எச்சரிக்கைக் கடிதத்துக்கு நான் கோபப்படுவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

பிறகு மறுபடி எட்டு மணி திரும்பி வந்தது. இந்தத் தடவை ஓட்டோ நின்றது பேக்கரி வாசலில். அங்கே அவருடைய மனைவியின் தட்டு உள்ளே போகிற நேரத்தில் இங்கே இவருடைய தட்டும் உள்ளே போகும். இரண்டும் வேகிற நேரம் முழுக்க இரண்டு பேரும் கதைப்பார்கள். பச்சை அன்னாசி பாலைத் திரைய வைத்தது. சீனியோடு வதக்கிப் போடச் சொல்லிக் காக்கா வழி சொன்னார். கதலிப்பழம் சரிவந்தது. மாங்கேணிப் பக்கம் ஹயர் ஓட்டம் போனபோது வாங்கி வந்த கஜு முந்திரியும் சேர்ந்தது. தோடம்பழத் தோலைத் துருவிப் போட்டது அவருடைய சொந்த மூளை, அதை மனைவி குவைத்திலும் போட்டுப் பார்த்தாராம். பாண் வாங்க வந்த சனம் கறுவா வாசத்தில் நின்றுவிடும். நான் மட்டும் ஒவ்வொரு துண்டையும் தின்றுவிட்டு, “மோசமில்ல” என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை.

ஆனால் வருகிறாரா இல்லையா என்பதை அவர் கேட்கவே இல்லை. “கேளுங்களன் அண்ணன்” என்று நான் நச்சரிப்பேன். “கேட்டு ஒருக்காக் கெடுத்தவன் நான். அவவாச் சொல்லட்டும்” என்பார். ஐந்தாம் மாதம் ஒரு காலை, “மடத்துக்கு ஏலாது எண்டு சொல்லிட்டன். பாப்பம், லீவு மாதிரி வந்து பாக்கன்” என்று வொய்ஸ் வந்தது. பாப்பம் என்ற அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவர் ஒரு வாரம் தூங்கவில்லை.

மனைவி வந்து இறங்கிய மறுநாள் காலை என்னையும் பேக்கரிக்கு வரச் சொன்னார்கள். மெலிந்த, உயரமான மனுசி. கையில் பழைய சூட்டுத் தழும்புகள். எட்டே முக்காலுக்குக் காக்காவே துணியால் பிடித்துத் தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மனைவி சட்டென்று எழும்பிக் கத்தியைத் தேடினார்.

“நீ இரிகா” என்றார் ஓட்டோக்காரர். “நான் தாறன்.”

மனைவி கதிரை நுனியில் இருந்தார். ஓட்டோக்காரர் ஒரு துண்டு வெட்டிக் கோப்பையில் போட்டு, மேலே ஒரு கரண்டி எருமைத் தயிர் வைத்து நீட்டினார். மனைவி கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார், கை வைக்கவில்லை.

“என்ன, பிழைச்சிட்டா?”

“தெரியா. இது என்ன ருசி எண்டு எனக்குத் தெரியா.”

ஓட்டோக்காரர் கத்தியைக் கீழே வைத்தார்.

“அங்க அளவா எண்ணித்தான் துண்டு போடுற. மிச்சம் வாறதில்ல” என்றார் அவர். “வாசத்த வெச்சுத்தான் உங்களுக்குச் சொல்லித் தந்தன்.”

பிறகு சாப்பிட்டார். மெல்ல, ஒவ்வொரு வாயாக. ஓட்டோக்காரர் பக்கத்தில் தட்டுத் துணியைப் பிழிந்துகொண்டே நின்றார். அது காய்ந்த துணி. ஒரு துண்டு முடிந்ததும் கோப்பையை மறுபடி நீட்டினார் மனைவி.

“கறுவா கூடிட்டு. நாளைக்கும் செய்வீங்களா?”

“செய்வன்.”

“நாளையிண்டைக்கு?”

“எழுதித் தரட்டா?”

அந்தச் சிரிப்பை நான் போனில் கேட்டிருக்கிறேன். பொத்தாமல் சிரித்தால் இவ்வளவு சத்தம் வரும் என்று தெரியாது. காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, போறணைப் புகை இன்னும் போகவில்லை என்றார்.

“மிஸ், எப்பிடி?” என்று ஓட்டோக்காரர் என் பக்கம் திரும்பினார். அன்றைக்காவது நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். வாய் நிறைய ஓட்ஸ். தலையை மட்டும் ஆட்டினேன். அடுத்த மாதமே இடமாற்றம் வந்து வவுனியாவுக்கு வந்துவிட்டேன், சொல்லாமலே போய்விட்டது. அண்ணன், அது நல்லா இருந்தது. எல்லாத் தட்டும் நல்லா இருந்தது, அந்தச் சாதிக்காய்த் தட்டும் சேர்த்துத்தான். உங்களையெல்லாம் பார்க்க ஆசையாக இருக்கிறது.