மயிலின் தனிமையும் முயல் மரங்களும்

ஒரு காட்டில் ஒரு நாடக மன்றம் இருந்தது. காட்டுக்கு எதற்கு நாடக மன்றம் என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து டீ குடிக்கப் போகலாம்.

மன்றத்தின் செயலாளர் சாம்பசிவம் என்ற கரடி. பாவம், கையில் காலணா கிடையாது. மண்டபத்துச் சொந்தக்காரரான யானையோ, இந்தத் தடவையும் நாற்காலி காலியாகக் கிடந்தால் மண்டபத்தைக் கல்யாணத்துக்கு விடப்போவதாகச் சொல்லிவிட்டார். போட முடிந்தது ஒரே ஒரு நாடகம். அதற்கு மண்டபம் நிறைந்தாக வேண்டும்.

அப்போதுதான் மயூரநாதன் என்ற மயில் தன் நாடகத்தோடு வந்தார். மேடையில் அவர் மட்டும்தானாம். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தனிமையில் வாடுவாராம். செலவே இல்லையே என்று கரடிக்கு வாயெல்லாம் பல். அப்புறம்தான் ஞாபகம் வந்து கேட்டார், "உங்க வீட்ல எத்தனை பேர் சார்?"

"நான் மட்டும்தான்."

கரடியின் பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது. நடிக்கிறவரின் சொந்தக்காரர்களைத் தவிர நாடகத்துக்கு ஈ காக்கா வராது என்பது அவருக்குத் தெரியும். போன வருடம் ஒரு முயல்குட்டிக்குச் சேவகன் வேஷம் கொடுத்ததில் சித்தி, பெரியப்பா, ஒன்றுவிட்ட அத்தை என்று முன்வரிசையெல்லாம் நிரம்பியது. குட்டி வந்து "மன்னா, எதிரி வந்துவிட்டான்" என்றதும் அத்தனை பேரும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். எதிரி யாரென்று இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது.

கரடி யோசித்தார். ஒவ்வொரு முயல் வீட்டிலும் ஒரு குட்டியைப் பிடித்து மர வேஷம் கட்டிவிட்டார். மரமென்றால் கடைசிவரை நின்றாக வேண்டுமே! மயிலுக்கு வந்ததே கோபம். தனிமையைப் பற்றிய நாடகத்தில் இத்தனை பேரா என்று குதித்தார்.

"மரம் பேசாது சார்," என்றார் கரடி. "நீங்க பாட்டுக்கு வாடுங்க."

நாடகத்தன்று மண்டபத்தில் எள் விழ இடமில்லை. மயில் உயிரைக் கொடுத்து நடித்தார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. வீட்டில் ஒரு நிமிஷம் சும்மா இருக்காத தன் மகன் ஆடாமல் அசையாமல் நிற்பதைப் பார்த்து ஒரு முயலம்மா பொலபொலவென்று அழுதாள். அதைக் கண்ட மயில் இன்னும் உருகினார். நடுவில் ஒரு மரம் தும்மியது. மண்டபமே எழுந்து கைதட்டியது. தன் பெருமூச்சுக்குத்தான் தட்டுகிறார்கள் என்று மயில் இன்னொரு பெருமூச்சு விட்டார்.

யானை கல்யாணப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். திரை விழுந்ததும் மயில் ஓடிவந்து கரடியைக் கட்டிக்கொண்டார்.

"தனிமைன்னா என்னன்னு இந்தக் காட்டுக்குப் புரிஞ்சுடுச்சு சார்."

"ஆமா சார்," என்றார் கரடி. "குடும்பம் குடும்பமா வந்து புரிஞ்சுக்கிட்டாங்க."

நீதி: கலை வாழ வேண்டுமானால் நடிகனுக்குத் திறமை இருந்தால் போதாது; மரத்துக்கு மாமன் மச்சான் இருக்க வேண்டும்.