நுளம்பு சுமந்த நீலம்

இளம் டாக்டரின் கையில் ஓர் ஆராய்ச்சி கிடைத்துவிட்டால் நோயாளிகளைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். அந்த நாளில் கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் அப்படியொரு டாக்டர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிது. மீசையை முந்திக்கொண்டு பெருமை வளர்ந்திருந்தது.

என் ஆராய்ச்சி மூத்திரம். (சிரிக்காதீர்கள். ஊரில் அம்மாவிடம் ‘தண்ணீர் சம்பந்தமான வேலை’ என்றுதான் சொல்லியிருந்தேன். மகன் குழாய் பூட்டுகிறான் என்று அவர் அழுதாராம்.)

சிறுநீரகக் கல் எடுத்த நோயாளிகளின் கட்டிலடியில் ஆளுக்கொரு போத்தல். இறப்பர்க் குழாய் வழியாக மூத்திரம் அதில் இறங்கும். காலையில் நான் அளப்பேன். கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை வைத்திருந்த ஹமீது நானாவின் போத்தல் மட்டும் அடியைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமை அவருடைய மகளுக்கு நிக்காஹ்.

“வாப்பா இல்லாம மகள்ட நிக்காஹ்வா, டொக்டர்? என்னய விட்டுடுங்களேன்” என்று கண் கலங்கினார்.

“போத்தல் ஒவ்வொரு நாளும் நிரம்பட்டும் நானா, வெள்ளிக்கிழமை போகலாம்” என்றேன், பெரிய நீதவான் மாதிரி.

அடுத்த நாளே நிரம்பிவிட்டது! எல்லாம் என் பார்லித் தண்ணீரின் மகிமை என்று துள்ளினேன். துள்ளிய கையோடு, பக்கத்துக் கட்டிலில் இருந்த புசல்லாவைத் தோட்டத்து மாடசாமிக்கு நீலச் சாயமருந்து கொடுத்தேன். சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்தால் சிறுநீர் நீலமாக வரும். வந்தது. ஆனால் மறுநாள் பார்த்தால் ஹமீது நானாவின் போத்தலும் நீலம்!

மருந்து ஒருவருக்கு, நிறம் இன்னொருவருக்கு! எனக்குப் புல்லரித்தது. பெரிய டாக்டர் வந்ததும், தாதிமார் எல்லாரும் கேட்க அறிவித்தேன்: மாடசாமியின் இரத்தம் குடித்த நுளம்பு பறந்துபோய் ஹமீது நானாவையும் கடித்து, சாயத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

பெரிய டாக்டரும் எங்கள் ஊர்க்காரர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்பிடியெண்டால் தம்பி, அந்த நுளம்பு மாட்டளவு இருந்திருக்குமே. ஆரும் கண்டனீங்களோ?”

வார்டே குலுங்கிச் சிரித்தது. மாடசாமிதான் பொறுக்க மாட்டாமல் எழுந்தார்.

“நொளம்பு இல்லீங்கய்யா, நாங்கதாங்க. இந்த மொதலாளி வீட்ல கலியாணம். போத்தல் நெறஞ்சாத்தான் விடுவேன்னுட்டாரு சின்ன டாக்டரு. அதான் எங்க போத்தல்லருந்து ஆளுக்குக் கொஞ்சம் ஊத்துனோம்.”

பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. நானாவின் அடிவயிற்றைத் தொட்டார், நானா துடித்துப்போனார். நிக்காஹ் ஆசையில் மனுஷன் வலியைப் பல்லைக் கடித்து மறைத்திருக்கிறார். அவருக்குப் போட்டிருந்த இறப்பர்க் குழாயை இரத்தக்கட்டி அடைத்திருந்தது. அதைக் கழுவிவிட்டதும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. நிரம்பிய போத்தலைப் பார்த்து மகிழ்ந்தேனே தவிர, மனுஷனைப் பார்க்கவில்லையே!

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டரே நானாவைத் தன் காரில் நிக்காஹுக்குக் கூட்டிப்போனார். குழாயும் கூடவே வந்தது. போத்தல் என் மடியில். (யாரும் சர்பத் என்று நினைத்துவிடாமல் கோட்டால் மூடி வைத்திருந்தேன்.) நானா மகளைக் கட்டிக்கொண்டு அழுதபோது நானும் அழுதுவிட்டேன், போத்தலை விடாமல்.

அடுத்த வருஷம் என் கல்யாணத்துக்கு ஹமீது நானா வந்தார். கடையிலிருந்து கொண்டுவந்த பொதியை என் மனைவியிடம் கொடுத்தார். பிரித்தாள். நல்ல உயர்ந்த ரக நுளம்பு வலை.

“இது என்னத்துக்கு நானா?”

“மாப்புளக்கிட்டக் கேளுங்க, தங்கச்சி.”

கேட்டாள். சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பலகாரம் குறைந்தால் யாரும் என்னை விசாரிப்பதே இல்லை. “நுளம்பு கொண்டுபோயிருக்கும்” என்கிறாள் மனைவி. பிள்ளைகள் நேரே என் வாயைப் பார்க்கிறார்கள்.