கும்பிடு போட்ட ரெய்டர்

கொங்கு நாட்டில் மரியாதை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்த மரியாதையாலேயே கபடியில் தோற்றவன் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவன்தான். கோயமுத்தூர்க் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் அறைத்தோழன். விடுதி அவனுக்கு வைத்த பெயர் கும்பிடு. வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

தெரியாமல் யார் மேலாவது கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொள்வோம் இல்லையா? அவசரத்தில் பாதி நேரம் மறந்தும் போவோம். கும்பிடு மறந்ததே கிடையாது. டவுன் பஸ் நெரிசலில் ஒவ்வொருவராகக் கும்பிட்டு நிமிர்வதற்குள் இறங்க வேண்டிய ஆர்.எஸ்.புரம் தாண்டி இரண்டு ஸ்டாப் போயிருக்கும். ஒருமுறை விடுதி நாயின் வாலை மிதித்துவிட்டு அதையும் தொட்டுக் கும்பிட்டான். கடிக்க எழுந்த நாய் குழம்பிப்போய் மறுபடி படுத்துக்கொண்டது.

இப்படிப்பட்டவன் கபடியில் ரெய்டர். கால் கட்டைவிரலால் எதிராளியின் பாதத்தைத் தொடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. தொட்டதும் ஓடி வந்தால் பாயின்ட். ஓடமாட்டான். 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே குனிந்து அந்தப் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொள்வான். அதற்குள் மொத்த அணியும் அவன் முதுகில் ஏறியிருக்கும்.

"ஏங்கண்ணு, அவங்காலத் தொடத்தானே உன்ன அனுப்பறேன்? அதுக்கு எதுக்குடா மன்னிப்பு?" என்று பி.டி. மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

"நானாச் செய்யறதில்லீங்க சார். கை அதுவாப் போயிருதுங்க."

கடைசி வருடம் அவன் கால் வேகத்தைக் கேள்விப்பட்டு ஒரு லீக் அணி அவனைத் தேர்வுக்குக் கூப்பிட்டது. தேறினால் டி.வி.யில் வருகிற ஆட்டம். தேறாவிட்டால் வெள்ளகோவிலில் அப்பாவின் களத்தில் தேங்காய்ப் பருப்புக் காயப்போட வேண்டியதுதான். அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கையில் இருந்தது பத்து நாள்.

நான் அணியில் இல்லை. என் வேகத்துக்கு அணிக்குத் தண்ணீர் கொண்டுபோகவே தகுதி போதாது. என்னிடம் இருந்தவை இரண்டு பாதங்கள்தான். மைதானத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். "மிதிடா. குனிஞ்சீன்னா கொன்னுபோடுவேன்!"

உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தான். பயிற்சி முடிந்ததும், "இப்பக் கும்புட்டுக்கலாங்களா?" என்று அனுமதி கேட்டு, அன்றைய மிதிகள் எல்லாவற்றுக்கும் மொத்தமாகக் கும்பிட்டுவிட்டுத்தான் குளிக்கப் போவான். ஒன்பதாம் நாள் என் இடது கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. அவன் அழுதான். ஆனால் குனியவில்லை. வலியிலும் எனக்கு ஒரே பெருமை.

தேர்வில் ஆளுக்கு மூன்று ரெய்டு. அவன் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். முதல் ரெய்டில் குனியக்கூடாது, குனியக்கூடாது என்ற ஒரே நினைப்பில் நட்டுவைத்த கம்பமாக நின்றான். இடுப்பைக் கட்டிப் பிடித்துச் சாய்த்தார்கள். இரண்டாவதிலும் அதே கதி. தேர்வாளர் பேனாவை மூடிவிட்டார். நான் வைத்தியம் பார்த்ததில் நோயோடு ஆட்டமும் போய்விட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

கோட்டுக்கு வெளியே இருந்து கத்தினேன். "டேய்! கும்புடுடா!"

முகம் மலர்ந்தது அவனுக்கு. மூன்றாவது ரெய்டில் ஒருவன் பாதத்தைத் தொட்டான். கைகோத்துக்கொண்டு இருவர் அவன் இடுப்பைக் குறிவைத்துப் பாய்ந்தார்கள். இடுப்பு அங்கே இல்லை. கும்பிடு கீழே குனிந்து அந்தப் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் தலைகள் மோதிக்கொள்ள, கோத்த கைகளுக்கு அடியில் புகுந்து நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். விசில் ஊதியதும் திரும்ப ஓடி அந்த இருவரிடம், "மண்ட வலிக்குதுங்களா?" என்று கேட்டான்.

தேர்வாளர் பேனாவைத் திறந்தார். "இந்த டெக்னிக்க யாரு தம்பி சொல்லிக்குடுத்தது?"

"எங்க ரூம்காரருங்க. அவருதானுங்க என்ற கோச்சு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விரலில் கட்டோடு, ரப்பர் செருப்பில் நான். அதற்கு முன்னும் பின்னும் என்னை யாரும் எதற்கும் கோச் என்று சொன்னதில்லை. இன்று மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மேனேஜர் திட்டுகிற நாட்களில் அந்த ஒரு வார்த்தைதான் எனக்குத் துணை. அதற்காக அவனுக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

லீக்கில் சேர்ந்ததும் முதல் வேலையாக எனக்கு ஒரு ஷூ வாங்கி வந்தான். "முனையில இரும்பு வெச்சதுங்க. இனி யாரு மிதிச்சாலும் உங்களுக்கு வலிக்காதுங்க."

சீசன் முடிந்து அடுத்த வாரம் என் வீட்டுக்கு வருகிறானாம். ஷூ பெட்டியிலேயே இருக்கிறது. நான் வெறுங்காலோடுதான் கதவைத் திறப்பேன்.