பேஸ்மென்றில் மூன்று திராட்சைத் தோட்டங்கள்

இனிமேல் இன்னொருவர் சாப்பிட்ட கோப்பையைக் கழுவுவதில்லை என்று 1996 ஒக்டோபரில் முடிவெடுத்தேன். டவுன்ரவுனில் ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக்கடை. அங்கே ஆறு வருடமாகக் கோப்பை கழுவுகிறேன். கழுவிக் கழுவிக் கைரேகையே அழிந்துவிட்டது. இனி எனக்குச் சாத்திரம் பார்க்கவும் வழியில்லை.

மனேச்சர் கூப்பிட்டுச் சொன்னார். வைன் பரிமாற ஆள் வேண்டுமாம். மூன்று கிழமையில் பரீட்சை. மூன்று கிளாஸிலும் கபர்னே சோவின்யோன் என்ற ஒரே சிவப்புத் திராட்சையின் வைன் இருக்கும். எது போர்டோவில், எது கலிபோர்னியாவில், எது நயாகராவில் விளைந்தது என்று மணந்து, குடித்துச் சொல்லவேண்டும். சொன்னால் வைன் பரிமாறுபவரின் கறுப்புக் கோட்டு. பிழைவிட்டால் பழையபடி சவர்க்கார நுரை.

கறுப்புக் கோட்டில் என்னை நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பில் மல்வேர்ன் பஸ்ஸில் மூன்று தரிப்புத் தாண்டிப் போய்விட்டேன்.

ஒரே சிக்கல், என் மனைவி யூஜினி. ஒரு கலியாணவீட்டில் நான் குடித்துவிட்டு மைக்கைப் பிடித்துப் பாடிய அடுத்த ஞாயிறே, இனித் தொடமாட்டேன் என்று மாதா கோயிலில் சுவாமியாருக்கு முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கியவள். ஆகவே ஒளித்துப் பழக ஊருக்கொன்றாக மூன்று போத்தல் வாங்கி, அவளுக்குத் தெரியாமலிருக்க லேபலை உரித்தேன். போர்டோவின் கழுத்தில் சிவப்பு நூல், கலிபோர்னியாவுக்கு நீலம், நயாகராவுக்கு வெள்ளை. பேஸ்மென்ற் வாசலில் பிடிபட்டேன்.

"இஞ்சேருங்கோ, உதென்ன?"

"பூசை வைன், யூஜினி. கோயில் அலுமாரியிலை இடமில்லையாம். கொஞ்ச நாளைக்கு வைச்சிருக்கச் சொல்லிச் சுவாமியார் தந்தவர்."

"சுவாமியாரோ?"

"ஓம். உதுக்குப் பக்கத்திலை இருந்து செபிச்சால் நல்லதாம்."

"அப்ப செபியுங்கோ."

இவ்வளவு சுலபமாக அவள் எதையும் நம்பியதில்லை. எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும்.

முதல்நாள் மூன்றையும் திறந்து வைத்துக்கொண்டு, எந்த ஊர் வைன் என்ன மணக்கும் என்று லைப்ரரிப் புத்தகத்தில் எழுதியெடுத்த குறிப்புகளைச் சத்தம்போட்டுப் பாடமாக்கினேன். குடிக்கப் போகும்போது மேலே காலடி கேட்டது. பயத்தில் மூடிவிட்டேன்.

அடுத்த நாளிலிருந்து வேலை முடிந்து வந்ததும் ஒவ்வொன்றிலும் ஒரு வாய். கண்ணை மூடுவேன். அடடா! போர்டோவின் கூழாங்கல் நிலம். ஆற்றுப் பக்கமிருந்து வரும் மெல்லிய மழை. அப்போதுதான் சீவிய பென்சிலின் மணம். நீல நூல் போத்தலைத் திறந்தால் கலிபோர்னியா வெயில், நாவற்பழ ஜாம்போலத் தடித்த பழச்சுவை, மரப்பீப்பாவின் வனிலா. வெள்ளை நூலில் நம்முடைய நயாகரா. ஏரிக் குளிர், வெயில் போதாமல் கொஞ்சம் காயாகவே நின்ற திராட்சை, அதிலே கறிமிளகாயின் பச்சை மணம். பக்கத்தில் ட்ரையருக்குள் உடுப்பு உருண்டுகொண்டிருக்கும். எனக்கு அது தோட்டத்துக் காற்று. கொடிகளுக்கு நடுவே கறுப்புக் கோட்டுடன் நடந்து திரிந்துவிட்டுப் படியேறும்போது கால் லேசாகத் தள்ளாடும். என் வாழ்க்கையில் அப்படிச் சந்தோசமாக நான் இருந்ததில்லை.

"செபம் முடிஞ்சுதோ?"

"ஓம்."

"முகமெல்லாம் வெளிச்சமாக் கிடக்கு."

இன்னொரு அதிசயம். எத்தனை நாள் குடித்தும் போத்தல் குறையவில்லை. பொய்க்கென்றாலும் சுவாமியாரின் பெயரைச் சொன்னதால் நடந்த புதுமை என்று நம்பினேன்.

பரீட்சை நாள் வந்தது. முதல் கிளாஸை வாயில் வைத்தேன். இனிப்பே இல்லை. நாக்கைப் பிடித்து இழுத்தது. இரண்டாவதும் அப்படி. மூன்றாவது அதைவிட மோசம். கடையின் மானத்தைக் காப்பாற்ற நினைத்து, மூன்றும் பழுதாகிவிட்டன என்று மனேச்சரின் காதுக்குள் சொன்னேன். நீ வாழ்நாளில் வைன் குடித்திருக்கிறாயா என்று கேட்டுவிட்டு, அவர் என் பழைய ஏப்ரனை எடுத்துத் தந்தார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் யூஜினியிடம் கொட்டினேன். அழுகையும் வந்தது. அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை? வேலைக்கெண்டு தெரிஞ்சிருந்தால் நானே ஊத்தித் தந்திருப்பனே!"

"அப்ப உந்தப் போத்திலுக்குள்ளை இருந்தது?"

"திராட்சை யூசும் பால் விடாத பிளேன்ரீயும். குறையக் குறைய ஊத்தி வைச்சனான்."

"வைன்?"

"சுவாமியாரின்ரை சாமானெல்லே? ரெண்டாம் நாளே அவரிட்டைக் குடுத்திட்டன். வேறை போத்திலுக்கு ஊத்தி, ஊர்ப்பேரும் எழுதி. தான் ஒண்டும் தரேல்லையெண்டு சிரிச்சவர். ஆனால் திருப்பித் தரேல்லை."

"ஊர்ப்பேர் உமக்கெப்பிடித் தெரியும்? நான் லேபலை உரிச்சனானே?"

"நீங்கள் கீழை பாடமாக்கினது ஹீற்றர் குழாயாலை குசினிக்கு வடிவாக் கேட்டது. ஊத்தேக்கை மணந்து பாத்தன்."

எனக்கு ரோசம் வந்தது. என்ன துணிச்சல்!

"சரி, வெள்ளை நூல்?"

"கறிமிளகாய் மணம். நயாகரா."

"நீலம்?"

"நாவற்பழ ஜாம். கலிபோர்னியா."

"சிவப்பு?"

"பென்சில் சீவினது. போர்டோ."

மூன்றும் சரி. நான் பேஸ்மென்ற் படியில் குந்திவிட்டேன். யூஜினி சூடாக ஒரு பிளேன்ரீ கொண்டுவந்து கையில் தந்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்த வேலைக்குப் பொம்பிளையளையும் எடுப்பினமோ?"